அங்கிட்டுப் பாதி

உள்ள வாங்க தம்பி. கேட்டைச் சாத்திருங்க, ஆடு வந்துரும். அந்தச் சேரு வேண்டாம், ஒரு கால் ஆடும். இப்படி ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. ஹெல்மெட்டை ஏன் மடியில வச்சுக்கிட்டு இருக்கீங்க, கீழ வைங்க. யாரும் தூக்கிட்டுப் போகமாட்டாங்க.

பக்கத்துக் காலி இடத்தைக் கேக்கத்தானே வந்தீங்க? தெரியும். ரோட்டுல நின்னு இப்படி ஒரு பார்வை அப்படி ஒரு பார்வை பார்த்துட்டு, எட்டு வச்சு அளந்தீங்களே, அப்பவே அடுப்படி ஜன்னல் வழியாப் பார்த்துட்டேன். நான் போறவங்க வர்றவங்களை எல்லாம் கவனிக்கிறவ இல்ல. கண்ணுல பட்டுச்சு, அம்புட்டுத்தான்.

மோர் குடிங்க. உப்பு போட்டிருக்கேன்.

அந்த இடம் எங்களுது இல்ல தம்பி. எங்க வீட்டை ஒட்டி இருக்கு, எங்க வீட்டுத் துணிக்கொடி அதுல கட்டியிருக்கு, எங்க வத்தல் அதுல காயுது. ஆனா இடம் எங்களுது இல்ல. எஸ்தர் டீச்சருது. டீச்சர் வீடு எதுன்னு கேப்பீங்க. காலி இடத்தைத் தாண்டிப் பச்சைக் கலர் வீடு ஒண்ணு இருக்குல்ல, அது என் மக வாசுகி வீடு. அதையும் தாண்டி இருக்கிற ஓட்டு வீடுதான் டீச்சர் வீடு. ஆமா, இப்படித்தான் எல்லாரும் முழிப்பாங்க. டீச்சர் இடம் எங்க வீட்டை ஒட்டி, எங்க மக வீடு டீச்சர் வீட்டை ஒட்டி. எந்தக் கூறுகெட்டவங்க இப்படிப் பிரிச்சாங்கன்னுதானே நினைக்கிறீங்க? நாங்கதான் பிரிச்சோம். டீச்சரும் நானும். அவங்க கணக்கு டீச்சர் வேற.

சொல்றேன், கேளுங்க. இடம் வாங்க வந்தவங்க இடத்தோட கதையைத் தெரிஞ்சுக்கிறது நல்லது.

இது மொத்தமும் ஒரே மனையா கெடந்துச்சு. எங்க வீட்டுக்கும் டீச்சர் வீட்டுக்கும் நடுவுல. மனைக்காரர் மெட்ராஸ்ல இருந்தாரு. நாங்க இங்க குடி வந்த நாள்லருந்து கருவேலமும் எருக்கும்தான் அதுல. திடீர்னு ஒரு நாள் ரெண்டு பேரு வந்து டேப்பு வச்சு அளந்தாங்க. விசாரிச்சா, லாரிக்குக் கூண்டு கட்டுற பட்டறை போடப் போறாங்களாம். விடிஞ்சதுலருந்து பொழுதடையுறவரைக்கும் டமால் டமால்னு இரும்பு அடிக்கிற சத்தம்தான் கேக்கும். எங்க வீட்டுக்காரர் பஸ் டிப்போவுல வேலை பார்த்தவரு, அவருக்கு அந்தச் சத்தம் தாலாட்டு மாதிரி. எனக்குத் தலையே சுத்திருச்சு.

நேரா டீச்சர் வீட்டுக்குப் போனேன். "டீச்சர், நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கிப்புடுவோம். ஆளுக்குப் பாதி"ன்னேன். டீச்சர் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ரொம்ப வருசம் ஆச்சு. மகன் ஓசூர்ல. தனியாத்தான் இருந்தாங்க. "சரி நாகரத்தினம், சத்தம் கேட்டுக்கிட்டு செபம் பண்ண முடியாது, வாங்குவோம்"னு சொல்லிட்டாங்க. அவங்க ரிட்டயர் ஆன பணம், எங்க வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன பணம், ரெண்டையும் சேர்த்துப் போட்டு, ரெண்டு பேரு பேர்லயும் ஒரே பத்திரமா முடிச்சோம்.

டீச்சருக்குச் சத்தம் வேண்டாம். எனக்கு அது மட்டும் இல்ல தம்பி. உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. எனக்கு என் மக வரணும்.

ஒத்தப் பொண்ணு. கட்டிக் குடுத்து செல்லூர்ல இருந்தா. மாடியில வாடகை வீடு. குடத்தைத் தூக்கிக்கிட்டுப் படியேறணும். இங்கருந்து ரெண்டு பஸ் மாறித்தான் போகணும். போனா, "எதுக்கும்மா இம்புட்டுத் தூரம் அலையுற?"ன்னு கேப்பா. நான் போய் ஒரு நாள் இருந்துட்டு, பாத்திரத்தை எல்லாம் ஒழுங்கா அடுக்கி வச்சுட்டு, மாப்பிள்ளைக்கு எப்படிக் குழம்பு வச்சா பிடிக்கும்னு சொல்லிக் குடுத்துட்டு வருவேன். அவ மாமியார்கூட அம்புட்டு செஞ்சதில்ல.

"இடம் வாங்கியாச்சுடி. எங்க வீட்டுச் செவுத்தோட செவுரா ஒட்டி ஒரு வீடு கட்டிக்க. நடுவுல ஒரு கதவு வச்சிருவோம். நீ அந்தப் பக்கம் அடுப்பு பத்த வைக்கும்போதே நான் இந்தப் பக்கம் தொட்டுக்க வெஞ்சனத்தைக் குடுத்துருவேன்"னு சொன்னேன். அவ, "பார்க்கலாம்மா"ன்னா. போன் பண்றப்ப எல்லாம் கேட்டேன். எப்பக் கேட்டாலும் பார்க்கலாம்மா, பார்க்கலாம்மா. கதவுன்னு சொன்னதும் எதிர்ப்பக்கம் பேச்சே இருக்காது. சிக்னல் சரியில்ல போலன்னு நினைச்சுக்குவேன்.

அப்புறம்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. இவ தண்ணிக்குப் பயப்படுறா! அங்க குடம் தூக்கித் தூக்கி வெறுத்துப் போயிருக்கா. எங்க போர்ல வர்றது உப்புத் தண்ணி, சோப்பு போட்டா நுரைக்காது. ஆனா அந்தக் காலி மனையில ஒரு பழைய கிணறு இருக்கு தம்பி. மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு, தூர் வாரினா இளநி கணக்கா தண்ணி. இந்தப் பக்கத்துலயே அப்படித் தண்ணி கிடையாது. அந்தக் கிணறு எந்தப் பாதியில இருக்கு? டீச்சர் வீட்டுப் பக்கத்துப் பாதியில.

டீச்சர் ரொம்ப சாதாரணமா, "பிரிக்கிறதுக்கு என்ன இருக்கு? உங்க வீட்டை ஒட்டினது உங்களுக்கு, என் வீட்டை ஒட்டினது எனக்கு"ன்னாங்க. கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா கிணறு? ஒட்டி இருக்குங்கிறதுக்காகக் கிணத்தைத் தூக்கிக் குடுத்துர முடியுமா? என் மக வர்றதும் வராததும் அந்தத் தண்ணியிலதான் இருக்குன்னு நான் நினைச்சுக்கிட்டு இருக்கேன். "அதெல்லாம் இல்ல டீச்சர், சாமி முன்னால சீட்டுப் போட்டுப் பார்த்துருவோம், யாருக்கு எது விழுதோ அது"ன்னேன்.

டீச்சர் சிரிச்சாங்க. "எங்க பைபிள்லயும் அந்தக் காலத்துல நிலத்தைச் சீட்டுப் போட்டுத்தான் பங்கு வச்சாங்களாம். எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா எந்தச் சாமி முன்னால?"ன்னு கேட்டாங்க. அது ஒரு கேள்விதான். எங்க பிள்ளையார் கோயில்ல போட்டா அவங்களுக்கு எதிரா விழுந்துருச்சும்பாங்க. அவங்க சர்ச்சுல போட்டா நான் சும்மா இருப்பேனா? கடைசியில, ரெண்டும் வேண்டாம், அந்த இடத்துக்கு நட்டநடுவுல நின்னு போடுவோம், அங்க எல்லாச் சாமியும் இருக்கும்னு முடிவு பண்ணினோம்.

சீட்டு எழுதுற வேலை எனக்கு. "கிணத்துப் பாதி, வெறும் பாதின்னு எழுதிருங்க"ன்னாங்க டீச்சர். நீங்களே சொல்லுங்க தம்பி, ஒரு பொண்ணு வந்து வாழப் போற இடம், அதுக்கு "வெறும்"னு யாராவது எழுதுவாங்களா? வெறும் வயிறு, வெறும் கழுத்து, வெறும் கைன்னு எது சொன்னாலும் நல்லாவா இருக்கு? என் கை வரல. "கிழக்கு, மேற்குன்னு எழுதேன்"னாரு எங்க வீட்டுக்காரர். எங்க தெருவே கோணத் தெரு. எங்க வாசல் கிழக்குன்னு இவரு சொல்வாரு, வாஸ்து பார்க்க வந்தவரு வடக்குன்னு சொல்லிட்டுப் போனாரு. சூரியன் ரெண்டு பேரு பேச்சையும் கேக்காம மூலையில உதிக்கும். அதனால அடுப்படியில நின்னு, காலண்டர் தாளைக் கிழிச்சு, ஒண்ணுல "அங்கிட்டு", இன்னொண்ணுல "இங்கிட்டு"ன்னு எழுதினேன். பச்சப்புள்ளைக்கும் புரியும். இல்லையா?

செம்புக்குள்ள போட்டு, குலுக்கி, நடு இடத்துல கொண்டு போய் வச்சேன். நான் எங்க வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். டீச்சர் அவங்க வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறாங்க. நடுவுல செம்பு. எங்க வீட்டுக்காரர்தான் சாட்சி, பனியனோட வந்து நின்னாரு. டீச்சரே முதல்ல எடுத்தாங்க. பிரிச்சாங்க. "இங்கிட்டு"ன்னு வாசிச்சாங்க. "நல்லதாப் போச்சு, என் பக்கம் எனக்கே விழுந்துருச்சு, ஸ்தோத்திரம்"னாங்க.

நான் என் சீட்டைப் பிரிச்சேன். அங்கிட்டு. எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துருச்சு தம்பி. "பிள்ளையாரப்பா! கிணத்துப் பாதி எனக்கு!"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

டீச்சர் தன் சீட்டை நீட்டிக் காட்டினாங்க. "அது எப்படி நாகரத்தினம்? எனக்கு இங்கிட்டு. நான் நிக்கிற இடத்துக்கு இங்கிட்டு என் வீட்டுப் பக்கம்தானே?"

"உங்களுக்கு அது இங்கிட்டு டீச்சர். எழுதினது நானு. எங்க அடுப்படியில நின்னு எழுதினேன். அங்கருந்து பார்த்தா உங்க பக்கம்தான் அங்கிட்டு. எழுதினவ நின்ன இடம்தானே கணக்கு?"

"எடுத்தவ நின்ன இடம்தான் கணக்கு"ன்னாங்க டீச்சர்.

"அப்ப நானும்தான் எடுத்தேன். நான் நின்ன இடத்துலருந்து அங்கிட்டுன்னா எது? கிணறுதானே?"

டீச்சர் கணக்கு டீச்சர்ல, உடனே ஒரு குச்சியை எடுத்து மண்ணுல கோடு போட்டுப் பார்த்தாங்க. என்ன போட்டாலும் ரெண்டு பேருக்கும் ஒரே பாதிதான் வருது. எங்க வீட்டை ஒட்டின பாதியை ரெண்டு பேருமே வேண்டாங்கிறோம். எங்க வீட்டுக்காரர், "பேசாம அந்தப் பாதியை எனக்குக் குடுத்துருங்க, நான் கட்டில் போட்டுப் படுத்துக்கிறேன்"னாரு. ரெண்டு பேரும் சேர்ந்து அவரை ஒரு முறை முறைச்சோம். அதுல மட்டும் ஒத்துமையா இருந்தோம்.

"மறுபடி போடுவோம்"னாங்க டீச்சர். விழுந்த சீட்டை மறுபடி போடுறதாவது! சாமி ஒரு தடவைதான் சொல்லும். "கேட்டுட்டு, பிடிக்கலைன்னு இன்னொரு தடவை கேட்டா அதுக்குப் பேரு சீட்டு இல்ல டீச்சர், சீட்டாட்டம்"னு சொன்னேன். கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டேன் போல. டீச்சர் முகம் சுருங்கிருச்சு. போயிட்டாங்க.

அதுக்கப்புறம் பேச்சுவார்த்தை இல்ல. சர்வேயர் வந்தாரு, கல்லு நடணும்னு. "எந்தப் பாதி யாருக்கும்மா?"ன்னு கேட்டாரு. நானும் அவங்களும் ஒரே நேரத்துல கிணத்தைப் பார்த்துக் கையை நீட்டுனோம். அந்த மனுசன் என்னையப் பார்த்தாரு, டீச்சரைப் பார்த்தாரு, டேப்பைச் சுருட்டிக்கிட்டு, "சண்டை முடிஞ்சதும் சொல்லி அனுப்புங்க"ன்னு போயிட்டாரு. சண்டையாம். நாங்க ஒரு வார்த்தை பேசல, எங்கருந்து சண்டை?

அந்த வருசம் கிறிஸ்துமஸுக்கு கேக் வரல. வருசா வருசம் வரும். வரலைன்னா போகட்டும், எனக்குச் சுகர் இருக்கு. நானும் பொங்கலுக்குப் பொங்கச்சோறு குடுத்து விடல. ஆனா தம்பி, அன்னைக்குப் பொங்கப் பானையை இறக்கி வச்சுட்டு, பழக்க தோசத்துல டீச்சருக்குன்னு ஒரு தூக்குல எடுத்து வச்சுட்டேன். அப்புறம் அதை யாருக்குக் குடுக்கிறதுன்னு தெரியாம சாயங்காலம் வரைக்கும் அடுப்பு மேலயே கெடந்துச்சு. எனக்குச் சங்கடமாத்தான் இருந்துச்சு. இருந்தா என்ன? மக முக்கியமா, டீச்சர் முக்கியமா?

ஒரு ஞாயித்துக்கிழமை வாசுகி வந்தா. நடந்ததை எல்லாம் ஒண்ணு விடாமச் சொன்னேன். அவ சிரிச்சா பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். "அங்கிட்டு இங்கிட்டுன்னா எழுதின? ஏம்மா, இதை வேற யாராலயும் செய்ய முடியாதும்மா"ன்னா. என்னைப் பாராட்டுறாளாக்கும்னு நினைச்சேன். அப்புறம் கேட்டா, "அப்ப உன் கணக்குப்படி நம்ம பாதி டீச்சர் வீட்டை ஒட்டி வருதா? உனக்கும் நமக்கும் நடுவுல டீச்சரோட பாதியா?"ன்னு. ஆமான்னேன். சிரிப்பை நிறுத்திட்டு ஜன்னல் வழியா அந்த இடத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு நின்னா. "நான் டீச்சரைப் பார்த்துட்டு வரேன்"னு கிளம்பிட்டா. அவளுக்கு எட்டாம் வகுப்புலருந்து கணக்குச் சொல்லிக் குடுத்தவங்க டீச்சர்தான். போனவ மதியச் சோத்துக்குக்கூட வரல. அங்கயே சாப்பிட்டாளாம். நான் இங்க அவளுக்குன்னு கோலா உருண்டை போட்டு வச்சிருக்கேன்!

மறுநாள் காலையில டீச்சர் வந்தாங்க. இந்தா, நீங்க உக்காந்திருக்கிற இடத்துலதான் உக்காந்தாங்க. "நாகரத்தினம், நீங்க சொன்னதுதான் சரி. எழுதினவங்க நின்ன இடம்தான் கணக்கு. கிணத்துப் பாதி உங்களுக்கே இருக்கட்டும்"னாங்க.

பார்த்தீங்களா? நான் பேசின பேச்சு அப்படி. கணக்கு டீச்சரையே கணக்குல மடக்கிட்டேன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவரு பேப்பர்லருந்து தலையைத் தூக்காம, "மடக்கினது நீயா?"ன்னாரு. அவருக்கு எப்பவும் நான் ஜெயிச்சாப் பிடிக்காது.

அந்த வாரமே வாசுகி போன் பண்ணி, "அம்மா, நாங்க வீடு கட்டுறோம்"னா. கேட்டுக்கிட்டு இருந்தாலும் காதை நம்ப முடியல. இம்புட்டு நாளு பார்க்கலாம்மா பார்க்கலாம்மான்னவ! "தண்ணிதான், நான் அப்பவே சொன்னேன்"னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போனேன். கிணத்தைத் தூர் வாரினோம். வீடு எந்திரிச்சுச்சு. டீச்சர் பாதி மட்டும் அப்படியே காலியா நின்னுச்சு. டீச்சர் அதுல ஒண்ணும் செய்யல, ஒரு கம்பி வேலிகூடப் போடல. ஆனா பாருங்க, கிணத்துலருந்து ஒரு பைப்பு டீச்சர் வீட்டுக்குப் போகுது! வாசுகியே இழுத்துக் குடுத்திருக்கா. கிணத்தைச் சண்டை போட்டு வாங்கினது நானு, தண்ணி ஊத்திக் குளிக்கிறது டீச்சர். எங்க வீட்டுக்கு இன்னமும் உப்புத் தண்ணிதான்.

இன்னொரு தம்ளர் ஊத்தவா? குடிங்க, வெயிலு.

பால் காய்ச்சுற அன்னைக்கு நான்தான் எல்லாம் பார்த்தேன். எந்த அடுப்பை எங்க வைக்கணும், எந்தப் படத்தை எந்தச் செவுத்துல மாட்டணும், எல்லாம். சீனி டப்பாவைத் தேடிப் பின்பக்கம் போறேன். கிணத்தடியில வாசுகியும் டீச்சரும் பேசிக்கிட்டு இருக்காங்க. நான் ஒட்டுக் கேக்கிறவ இல்ல தம்பி. சீனி டப்பா அங்க இருக்குமோன்னு நின்னேன்.

"நீங்க அன்னைக்கு விட்டுக் குடுக்கலைன்னா நான் இங்க வந்தே இருக்க மாட்டேன் டீச்சர்"ங்கிறா. "செவுத்தோட செவுரா ஒட்டிக் கட்டி, நடுவுல கதவு வச்சா, ஒரே மாசத்துல அம்மாவுக்கும் எனக்கும் பேச்சே இல்லாமப் போயிருக்கும். நடுவுல உங்க இடம் கெடக்கிறதாலதான் எனக்கு மூச்சு விட முடியுது"ங்கிறா.

தண்ணி இல்ல தம்பி. தண்ணியே இல்ல. அவ வந்தது கிணத்துக்காக இல்ல. எனக்கும் அவளுக்கும் நடுவுல டீச்சர் இடம் இருக்குங்கிறதுக்காக வந்திருக்கா. டீச்சர் தோத்ததும் என் பேச்சுக்காக இல்ல, இவ போய்க் கேட்டதுக்காக.

சீனி இல்லாமலே திரும்பிட்டேன். "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?"ன்னாரு எங்க வீட்டுக்காரர். அடுப்புப் புகைன்னேன். கேஸ் அடுப்புல என்ன புகை வரும்? அவரும் கேக்கல.

நான் அப்படி என்ன செஞ்சுட்டேன், சொல்லுங்க. குழம்புல புளி ஜாஸ்தின்னா ஜாஸ்தின்னு சொல்றேன். துணியை உதறிக் காயப் போடுன்னு சொல்றேன். பெத்தவ சொல்லாம ரோட்டுல போறவங்களா சொல்வாங்க? மூச்சு முட்டுதாம். எனக்கு வலிச்சுச்சு தம்பி. ரொம்ப வலிச்சுச்சு. இன்னைக்கு வரைக்கும் அவகிட்ட நான் காட்டிக்கல.

ஒரு வாரம் போகாமப் பார்த்தேன். முடியல. அப்புறம் அந்த இடத்துக்குள்ள நடந்து போக ஆரம்பிச்சேன். எங்க தெருதான் கோணத் தெருவாச்சே, தெரு வழியாப் போனா சுத்தி, முக்கு திரும்பிப் போகணும், என் முழங்காலுக்கு ஆகாது. குறுக்க போனா கொஞ்ச தூரம்தான். கீரை ஆய்ஞ்சா கொஞ்சம், கூட்டு வச்சா ஒரு கிண்ணம். குடுத்துட்டு நிக்கிறதில்ல, வந்துருவேன். சரி, கொஞ்ச நேரம் நிப்பேன். பாத்திரம் கழுவாமக் கெடந்தா கழுவி வச்சுட்டு வருவேன். நடந்து நடந்து அந்த இடத்துல ஒத்தையடிப் பாதை மாதிரி விழுந்துருச்சு. அவ இங்கிட்டு வர்றது ஆடிக்கொருக்கா அமாவாசைக்கொருக்கா. நான்தான் அங்கிட்டுப் போறது.

இப்ப டீச்சர் ஓசூருக்கு மகன்கிட்டப் போறாங்க. தனியா இருக்க முடியலையாம், போன மாசம் ஒரு நாள் குளியலறையில வழுக்கி விழுந்துட்டாங்க. வீட்டை வாடகைக்கு விட்டுட்டு, இந்தப் பாதியை வித்துரலாம்னு இருக்காங்க. முதல்ல என்கிட்டத்தான் வந்தாங்க. "உங்க வீட்டை ஒட்டி இருக்கு, நீங்களே எடுத்துக்கங்க நாகரத்தினம்"னாங்க. எங்க வீட்டுக்காரர் உடனே சரின்னாரு. நான்தான் வேண்டாம்னுட்டேன்.

ஏன்னு கேக்குறீங்களா? என்னை எனக்குத் தெரியாதா தம்பி? அது என் இடமாயிருச்சுன்னா நான் சும்மா இருப்பேனா? முதல்ல ஒரு ரூம்பு போடுவேன். அப்புறம் அதை இன்னும் கொஞ்சம் நீட்டுவேன். நீட்டி நீட்டி அவ செவுத்துக்குப் போயிருவேன். அப்புறம் ஒரு கதவு வைப்பேன். அவ மறுபடி செல்லூருக்கோ எங்கயோ வாடகைக்குக் கிளம்பிருவா. டீச்சர் இடமா இருக்கிற வரைக்கும்தான் அவ இங்க இருப்பா.

அதனால நான் வாங்கவும் முடியாது, இன்னொருத்தரை வாங்க விடவும் முடியாது. டீச்சர் ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்காங்க, வர்ற ஆளை எல்லாம், "பக்கத்து வீட்டம்மாவுக்குச் சம்மதம்னா எனக்குச் சம்மதம்"னு இங்க அனுப்பிருவாங்க. உங்களுக்கு முன்னால மூணு பேரு வந்தாங்க. ஒருத்தர்கிட்ட தெருக்குத்துன்னு சொன்னேன். இன்னொருத்தர்கிட்ட, கோயில் ரேடியோ மார்கழி பூரா உங்க படுக்கை ரூம்புக்குள்ளதான் கேக்கும்னு சொன்னேன். மூணாவது ஆளுகிட்ட, பக்கத்து வீட்டுக்காரி பெரிய வாயாடி, ஒத்துப் போகவே முடியாதுன்னேன். அதை மட்டும் அந்த மனுசன் உடனே நம்பிட்டாரு.

உங்களைப் பார்த்தா நல்ல புள்ளையாத் தெரியுது, அதான் பொய் சொல்ல மனசு வரல. நீங்க இங்க வீடு கட்டினா, நான் அடுப்படி ஜன்னல்ல நின்னா உங்க செவுருதான் தெரியும். இப்ப அவ வாசல் தெளிக்கிறது தெரியுது, துணி காயப் போடுறது தெரியுது. இன்னமும் உதறாமத்தான் போடுறா. அதையாவது பார்த்துக்கிட்டு இருக்கேன். வேற இடம் பாருங்க தம்பி. டீச்சர்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?

என்ன? டீச்சரைப் பார்க்கவே இல்லையா? அப்புறம் யாரு உங்களை இங்க அனுப்பினது?

பச்சை வீட்டுலயா? வாசுகிகிட்டயா கேட்டீங்க?

அவ என்ன சொன்னா? முழுங்காமச் சொல்லுங்க. வேண்டாம்னாளா? எதுக்கு வேண்டாம்னா?

வழியா?

"அதைக் காலி இடம்னு யாரு சொன்னா, அது எங்கம்மா வர்ற வழி"ன்னா? அப்படியேவா சொன்னா? நீங்களா சேர்த்துச் சொல்லலையே? அதுல யாராவது கட்டிட்டா எங்கம்மா இந்த முழங்காலை வச்சுக்கிட்டு வெயில்ல தெரு சுத்தி வரணும்னா?

இருங்க. இருங்க தம்பி. கண்ணுல என்னமோ விழுந்துருச்சு.

திமிரைப் பாருங்க! ஒரு நாளைக்கு ரெண்டு தடவை போறேன், "எதுக்கும்மா வந்த, வச்சுட்டுப் போ"ங்கிறதைத் தவிர ஒரு வார்த்தை பேச மாட்டா. பெத்தவகிட்ட சொல்ல வேண்டியதை, ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு வந்து நிக்கிற முகந்தெரியாத ஆளுகிட்டச் சொல்றா. அப்புறம் என்ன சொன்னா? "எதுக்கும் அந்த வீட்டுல போய்க் கேளுங்க, எங்கம்மா உங்களுக்கு மோரைக் குடுத்து விரட்டி விட்டுருவாங்க"ன்னாளா? சிரிச்சுக்கிட்டா சொன்னா, கோவமாவா? சிரிச்சுக்கிட்டா!

நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. இம்புட்டு நேரம் என்னைப் பேச விட்டுட்டு, முதல்லயே சொல்ல வேண்டியதைக் கடைசியில சொல்லியிருக்கீங்க. சும்மா விட்டுருவேனா? சாப்பிட்டுட்டுத்தான் போகணும். இந்தா, அவளுக்குன்னு எடுத்து வச்ச கூட்டு இருக்கு, அவளுக்கு நான் வேற வச்சுக் குடுத்துக்கிறேன்.

அந்த வழின்னு சொன்னாளே, அதை மட்டும், அவ சொன்ன மாதிரியே, இன்னொரு தடவை சொல்லுங்க தம்பி.